வெள்ளமும் வெல்லமும் ஒன்றா?

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு இல்லை. ஆங்கிலம், கிரேக்கம், ருஷ்ய மொழி போன்றவற்றின் எழுத்துகளுக்குத்தான் இந்த இரட்டை வடிவம் உண்டு. ஆகையால், கணிப்பொறியில் கோப்புகளுக்குப் பெயரிடும்போது 'பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றா, வேறா?' என்று எழும் வழக்கு ஆங்கிலத்தாருடைய வீட்டுச் சண்டை, அதில் நமக்கு என்ன வேலை என்று தோன்றலாம். நம் வகுப்பறைகளிலும் இது ஓர் இரண்டு மதிப்பெண் வினாவாகவே நின்றுவிட்டது. "விண்டோஸ் இவ்வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கிறது" என்று எழுதினால் இரண்டு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

அந்த விடை தவறன்று. ஆனால் இந்த விதிகளை யார், எந்தக் காலத்தில், எந்த மொழியை மனத்தில் வைத்து வகுத்தார்கள் என்பதை அது சொல்லவில்லை. தமிழில் பெயரிடுகிறவனுக்கு அவ்விதிகளால் என்ன நேர்கிறது என்பதையும் சொல்லவில்லை. நேர்வது சிறிய சங்கடம் மட்டுமன்று. சில வேளைகளில் கோப்பே காணாமற் போகிறது. ஆகவே மூன்று இயக்க அமைப்புகளின் விதிகளையும் தமிழ்க் கண்கொண்டு மதிப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். உத்திரமேரூரை அடுத்த திருமுக்கூடலில் பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுகின்றன. அங்கே ஒரு மாணவர் மழைக்காலந்தோறும் ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து கணிப்பொறியில் பதிந்துவருகிறார் என்று கொள்வோம். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த பெருவெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இத்தகைய பதிவின் அருமை தெரியும். அவர் தம் கோப்புக்கு 'வெள்ளம்' என்று ஆங்கில எழுத்துகளில் பெயரிடுகிறார். ளகரத்துக்குப் பெரிய 'எல்', லகரத்துக்குச் சிறிய 'எல்' என்பது ஒலிபெயர்ப்புத் தட்டச்சில் பழகிய யாவரும் அறிந்த வழக்கம். அதே கணிப்பொறியில் அவருடைய அண்ணன் தம் மளிகைக் கடைக் கணக்கை 'வெல்லம்' என்ற பெயரில் வைத்திருக்கிறார். லினக்சில் இரண்டு கோப்புகளும் ஒரே கோப்புறையில் அமைதியாகக் குடியிருக்கும். முதலில் மாணவரும் பிறகு அண்ணனும் அவற்றை ஒரு விண்டோஸ் கணிப்பொறியின் ஒரே கோப்புறையில் நகலெடுத்தால், 'இப்பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, மாற்றிவிடலாமா?' என்று இரண்டாவது நகலின்போது கேள்வி வரும். இத்தகைய கேள்விகளுக்கு ஆம் என்று அழுத்துவதே பலருக்கும் பழக்கம். தண்ணீரில் வெல்லம் கரைவது இயற்கை. இங்கே வெல்லத்தில் வெள்ளம் கரைந்துபோகும்!

இந்தப் பட்டியலை எளிதில் நீட்டலாம். மனம்-மணம், கலை-களை, அரம்-அறம், கரி-கறி ஆகிய இணைகள் எல்லாம் ஒலிபெயர்ப்பில் ஒரே ஓர் எழுத்தின் பருமனால் மட்டும் வேறுபடுகின்றன. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலின் ஒலிபெயர்ப்பு விசைப்பலகை இந்த முறையை உலகெங்கும் உள்ள தமிழரிடையே பரப்பியது. இதற்குக் காரணம் எளிது. தமிழில் னகர, ணகர, நகரம் என்று மூன்றும், லகர, ளகர, ழகரம் என்று மூன்றும், ரகர, றகரம் என்று இரண்டும் உள்ளன. ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்துகள் இவற்றுக்குப் போதா. எனவே சும்மா கிடந்த பெரிய எழுத்துகளைத் தமிழர் புது எழுத்துகளாக்கிக்கொண்டனர். ஆங்கிலேயருக்குப் பெரிய 'எல்' என்பது சிறிய 'எல்' அணிந்த தலைப்பாகை போன்றது. நமக்கோ அது வேறு ஆள்.

"கோப்புப் பெயர்களை எப்போதும் சிறிய எழுத்திலேயே எழுதுங்கள், தொல்லை இராது" என்று பயிற்சி வகுப்புகளில் அறிவுரை சொல்கிறார்கள். ஆங்கிலப் பெயர்களுக்கு இது நல்ல அறிவுரைதான். ஒலிபெயர்ப்பில் எழுதும் தமிழனுக்கு இது ளகரத்தையும் ணகரத்தையும் றகரத்தையும் கைவிடு என்று சொல்வதாகும்.

இயற்பியல் மாணவருக்கும் இதே அறிவுரை உதவாது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலைக் கொண்டு அளப்பது சிறிய 'ஜி', அதாவது புவியீர்ப்பு முடுக்கம். பெரிய 'ஜி' என்பது ஈர்ப்பு மாறிலி. முன்னது ஊருக்கு ஊர் சற்று மாறும். பின்னது பேரண்டமெங்கும் ஒன்றே. சிறிய 'எம்' போட்டு வாட் என்றால் மில்லிவாட், பெரிய 'எம்' என்றால் மெகாவாட். இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு. எழுத்தின் பருமனிலேயே பொருளை ஏற்றிவைத்த துறை இது. அத்துறையின் அளவீடுகளை, பருமனைப் பொருட்படுத்தாத ஒரு பெட்டியில் போட்டுவைக்கிறோம்.

இந்த விதிகள் எப்படிப் பிறந்தன? கணிப்பொறிக்கு எழுத்து என்பது எண். ஆஸ்கி என்ற குறியீட்டு முறையில் ஆங்கிலப் பெரிய 'ஏ'யின் எண் 65, சிறிய 'ஏ'யின் எண் 97. இடைவெளி 32. எல்லா எழுத்துகளுக்கும் இதே இடைவெளிதான். இரும எண்ணாக எழுதினால் ஒரே ஒரு பிட்டு மட்டும் மாறும். ஆகவே பெரியதைச் சிறியதாக்குவது கணிப்பொறிக்கு மிக மலிவான வேலை. 1963இல் வெளியான முதல் ஆஸ்கியில் சிறிய எழுத்துகளே இல்லை. 1967ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவை சேர்ந்தன. அக்காலத்துத் தொலைஅச்சுப் பொறிகள் பலவும் பெரிய எழுத்துகளை மட்டுமே அச்சிட்டன. அந்த மரபில் வந்ததுதான் 1974இல் கேரி கில்டால் எழுதிய சிபிஎம். அதைப் பின்பற்றி 1981இல் வந்த எம்எஸ்-டாஸ், நீங்கள் எப்படி எழுதினாலும் பெயரைப் பெரிய எழுத்தாக்கியே வட்டில் வைத்தது. பிறகு விண்டோஸ் 95 ஓர் இடைவழியைக் கண்டது. எழுதிய வடிவத்தை அப்படியே காட்டும். ஆனால் தேடும்போது பருமனைக் கருதாது. இன்றைய விண்டோசும் பெரும்பாலும் அவ்வாறே நடக்கிறது.

யுனிக்ஸ் வேறு வழியில் சென்றது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய அந்த அமைப்பில், கோப்பின் பெயர் என்பது வெறும் பைட்டுகளின் வரிசை. சாய்கோடும் சுழிப் பைட்டும் ஆகாது. மற்றவை எல்லாம் ஆகும். எண் வேறானால் பெயர் வேறு, அவ்வளவே. லினக்ஸ் அந்தக் கொள்கையின் வாரிசு.

முதலில் விண்டோசை எடுத்துக்கொள்வோம். எந்த எழுத்தின் பெரிய வடிவம் எது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதன் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையில், வட்டை முதன்முதலாக வடிவமைக்கும்போதே 65,536 இடங்கள் கொண்ட ஓர் அட்டவணை வட்டில் எழுதப்படுகிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் நேரே அதன் பெரிய வடிவம் குறிக்கப்பட்டிருக்கும். யூனிகோடு தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களுக்கும் நேரே அதே இடமே குறிக்கப்பட்டிருக்கும். அதாவது, தமிழெழுத்தில் பெயரிட்டால் இவ்வட்டவணை நம்மைத் தொடாது. ஆனால் அட்டவணைக்கு எழுத்து தெரியுமே ஒழிய மொழி தெரியாது. துருக்கி மொழியில் புள்ளி வைத்த 'ஐ' ஓர் எழுத்து, புள்ளியில்லாத 'ஐ' வேறோர் எழுத்து. இரண்டுக்கும் தனித்தனிப் பெரிய வடிவங்கள் உண்டு. ஆங்கிலத்துக்கு எழுதிய அட்டவணை துருக்கியருக்குப் பிழையாகும். துருக்கியருக்குச் சரியாக்கினால் ஆங்கிலத்துக்குப் பிழையாகும். ஒலிபெயர்ப்பில் எழுதும் தமிழரும் துருக்கியர் நின்ற இடத்திலேயே நிற்கிறோம்.

இதைவிட வேடிக்கையானது திஸ்கியின் கதை. யூனிகோடு பரவுவதற்கு முன், 1990களின் பிற்பகுதியில் இணையத் தமிழர்கள் கூடிப் பேசி உருவாக்கிய எட்டு பிட்டுக் குறியீடு அது. ஆங்கில எழுத்துகளை 128க்குக் கீழே அப்படியே விட்டுவிட்டு, மேலே உள்ள இடங்களில் தமிழை அமர்த்தினார்கள். மேலே உள்ள அந்த இடங்களில் மேற்கு ஐரோப்பிய விண்டோஸ் குறியீட்டின்படி ஏற்கெனவே குடியிருந்தவை பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளின் தலைக்குறியிட்ட எழுத்துகள். அவற்றுக்கும் பெரிய வடிவம், சிறிய வடிவம் உண்டு. அங்கும் இடைவெளி 32தான்! திஸ்கியில் 'று'வின் எண் 218. 'ழ்' என்பதன் எண் 250. கழித்துப் பாருங்கள். 'கு' 204, 'க்' 236. 'ரு' 213, 'ம்' 245. ஆகவே திஸ்கி எழுத்துருவில் 'ஆறு' என்று ஒரு கோப்புக்கும் 'ஆழ்' என்று மற்றொரு கோப்புக்கும் பெயரிட்டால், விண்டோசின் கண்ணுக்கு ஒன்று மற்றதன் பெரிய எழுத்து வடிவம். இரண்டும் ஒரே பெயர். 'யாறு', 'யாழ்' என்பனவும் அப்படியே. தொல்காப்பியர் காலந்தொட்டு இல்லாத பெரிய எழுத்து தமிழுக்கு இப்படித் தற்செயலாக வந்து சேர்ந்தது. திஸ்கியை அமைத்தவர்களைக் குறைசொல்ல இடமில்லை. கிடைத்த இடத்தில் குடியேறினார்கள். 'எழுத்து இன்னதென்று எனக்குத் தெரியும்' என்று கோப்பு முறைமை தானாக எண்ணிக்கொண்டதே கோளாறு.

ஒரே வட்டில் இரு கொள்கைகளும் குடியிருந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும். தமிழக அரசு 2011இல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்ந்தே இருந்தன. இத்தகைய பொறியில் லினக்சில் நின்றுகொண்டு, விண்டோஸ் பகுதிக்குள் 'வெள்ளம்', 'வெல்லம்' இரண்டையும் எழுதிவிட முடியும்; என்டிஎஃப்எஸ் வட்டில் இரண்டுக்கும் இடம் உண்டு. பிறகு விண்டோசைத் திறந்தால் பட்டியலில் இரண்டு பெயர்களும் தெரியும். ஆனால் எதை அழுத்தினாலும் திறப்பது ஒரே கோப்பு. மற்றது வட்டில் பத்திரமாக இருந்தும் கைக்கு எட்டாது.

'அப்படியானால் யுனிக்சின் வழியே சரி, பைட்டு வேறானால் பெயர் வேறு' என்று சிலர் முடிவு கட்டுவார்கள். எனக்கும் இயல்பாக அந்தப் பக்கமே சாய்வு உண்டு. ஒலிபெயர்ப்பை விட்டுவிட்டுத் தமிழெழுத்திலேயே பெயரிட்டால் லகரமும் ளகரமும் தனித்தனி எண்கள். வெள்ளமும் வெல்லமும் ஒருபோதும் கலவா. ஆனால் அங்கே வேறொரு பள்ளம் காத்திருக்கிறது.

திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு இருக்கிறது. பதினைந்து படுக்கைகளுடன் அங்கே இயங்கிய ஆதுலர் சாலையைப் பற்றி அது கூறுகிறது. அந்த மருத்துவமனையின் பெயர் 'வீரசோழன்'. இப்பெயரை யூனிகோடில் எழுதுங்கள். 'சோ' என்பதைச் சகரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்து எழுதலாம். அல்லது ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டும் சமம் என்று யூனிகோடு விதியும் கூறுகிறது. ஆனால் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. ஆகவே முதல் 'வீரசோழன்' 24 பைட்டு, இரண்டாவது 27 பைட்டு. லினக்சுக்கு இவை இரண்டு கோப்புகள். ஒரே கோப்புறையில் ஒரே தோற்றமுள்ள இரண்டு 'வீரசோழன்'கள் இருக்கும். எது எது என்று கல்வெட்டு ஆய்வாளராலும் கண்ணால் சொல்ல முடியாது. ஒன்றைத் தட்டச்சு செய்து தேடினால் மற்றது அகப்படாது. கொ, கோ, கௌ வரிசைகள் அனைத்துக்கும் இதே கதி.

பழைய கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபடுவதில்லை. ஆக, கல்லில் 'சொ', 'சோ' இரண்டு ஒலிகளுக்கு ஒரே வடிவம். கணிப்பொறியில் ஒரே வடிவத்துக்கு இரண்டு எண் வரிசைகள். கல்வெட்டைப் படிப்பவருக்கு மொழி துணைநிற்கிறது. பைட்டுகளை மட்டும் பார்க்கும் அமைப்புக்கு அந்தத் துணையும் இல்லை.

'பைட்டு மட்டுமே' என்ற கொள்கை எல்லா மொழிக்கும் பொதுவானது என்று பெருமையாகச் சொல்லப்படுவதுண்டு. லினக்சில் பரவலாக உள்ள ஈஎக்ஸ்டி4 முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்டு வரை இடம். ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் 85 குறிகள். உயிர்மெய்க் குறிகளையும் புள்ளிகளையும் கணக்கில் எடுத்தால் எழுத்து இன்னும் குறையும். பொதுமை என்பதற்கும் ஓர் ஊர் உண்டு போலும்.

ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணிப்பொறி இந்த 'சோ' சிக்கலை முன்பே கண்டுகொண்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1998இல் வந்த அதன் எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை, நீங்கள் எப்படி எழுதினாலும் ஓகாரக் குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்தே வட்டில் பதிந்தது. ஆகவே அங்கே இரட்டை வீரசோழன்கள் தோன்ற வழியில்லை. ஆனால் எழுதியவர் கொடுத்ததை அது மாற்றிவிட்டது. அந்தக் கோப்பை லினக்சுக்கு அனுப்பினால் 24 பைட்டாகப் பிறந்த பெயர் 27 பைட்டாக வந்து இறங்கும். பழைய பெயரைக் கொண்டு தேடும் நிரல் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று கைவிரிக்கும். 2017 முதல் மேக் கணிப்பொறிகளுக்கு வந்த ஏபிஎஃப்எஸ் இதைத் திருத்திக்கொண்டது. எழுதியதை அப்படியே வைக்கிறது. ஒப்பிடும்போது மட்டும் சமம் என்று கொள்கிறது. எனக்குத் தெரிந்த வரையில் இந்த இடத்தில் தமிழுக்கு ஓரளவு நியாயம் செய்த முறை இதுவே.

மேக்கின் பழைய முறைமைக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத சில குறிகளை ஒப்பிடும்போது அது கணக்கிலேயே எடுக்காது. 'ரிக்‌ஷா' என்று எழுதும்போது ககரமும் ஷகரமும் ஒட்டிக் 'க்ஷ' ஆகிவிடாமல் இருக்க நாம் இடையே ஒரு மறைகுறியை இடுகிறோமே, அதுவும் அவற்றுள் ஒன்று. 2014 டிசம்பரில் கிட் என்ற நிரல்காப்பு மென்பொருளில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியாயிற்று. கிட் தன் சொந்தக் கோப்புறையின் பெயரைப் பிறர் பயன்படுத்த விடாது. ஆனால் அதே பெயரில் ஓர் எழுத்தைப் பெரிதாக்கினாலோ, இடையே மறைகுறியை நுழைத்தாலோ, அது வேறு பெயர் என்று கிட் உள்ளே விட்டுவிடும். விண்டோசோ மேக்கோ இரண்டும் ஒன்றே என்று கிட்டின் சொந்தக் கோப்பின்மேலேயே எழுதிவிடும். தீய நோக்கமுடைய ஒருவர் பிறருடைய கணிப்பொறியில் தம் கட்டளையை ஓட்டுவதற்கு அந்த வழி போதும். வாயிற்காவலனுக்கு ஒரு விதி, வீட்டுக்காரனுக்கு ஒரு விதி என்றிருந்தால் திருடனுக்குக் கொண்டாட்டம்.

சண்டை இன்னும் ஓயவில்லை. 2018இல் விண்டோஸ் 10, விரும்பும் கோப்புறையில் மட்டும் பருமன் வேறுபாட்டைப் பார்க்கும் வசதியைச் சேர்த்துக்கொண்டது. 2019இல் லினக்ஸ் 5.2 எதிர்த்திசையில் நடந்து, விரும்பும் கோப்புறையில் மட்டும் வேறுபாட்டைப் பார்க்காமல் விடும் வசதியை ஈஎக்ஸ்டி4இல் சேர்த்தது. அதிலுள்ள யூனிகோடு ஒப்பீட்டால் நம் இரண்டு 'சோ'க்களும் அக்கோப்புறையில் ஒன்றாகிவிடும். ஆனால் ஒலிபெயர்ப்பு 'வெள்ள'மும் 'வெல்ல'மும்கூட அங்கே ஒன்றாகிவிடும். இரண்டையும் ஒரே பொத்தானில் கட்டிவிட்டார்கள். தமிழனுக்கு வேண்டியது முதலாவது மட்டும். லினக்சின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் 2025 ஏப்ரலில், பருமனைப் பார்க்காத கோப்பு முறைமை என்பதே தவறான எண்ணம் என்று கடுமையாகச் சாடினார். அவர் சொல்வதில் பாதி சரி. பெயர்களை ஓசையின்றி ஒன்றாக்கும் அமைப்பு என்றேனும் ஒரு நாள் ஒருவருடைய உழைப்பை அழிக்கும். ஆனால் பைட்டோடு நின்றுவிடுவது, கண்ணால் பிரித்தறிய முடியாத இரண்டு பெயர்களை மனிதன் தலையில் கட்டிவிடுவது. அதைத் தீர்வு என்று நான் ஏற்கமாட்டேன்.

வைக்கும்போது கொடுத்ததை அப்படியே வைப்பதும், ஐயத்துக்கிடமான பெயர் வரும்போது தானே முடிவு செய்யாமல் எது எதனோடு மோதுகிறது என்று தெளிவாகச் சொல்வதுமே கணிப்பொறியின் கடமை என்பது என் துணிபு. இது நடக்காத காரியமன்று. அதே கிட் மென்பொருள் 2018 டிசம்பரில் வந்த 2.20ஆம் பதிப்பிலிருந்து, ஒரு தொகுப்பை நகலெடுக்கும்போது பருமனால் மட்டும் வேறுபடும் பெயர்கள் மோதினால் அவற்றைப் பட்டியலிட்டு எச்சரிக்கிறது. விண்டோசின் 'மாற்றிவிடலாமா?' என்ற கேள்வியும் எச்சரிக்கைதான். ஆனால் 'உள்ளே இருப்பது வெள்ளம், வருவது வெல்லம், எழுத்து வேறுபடுகிறது' என்று அது சொல்வதில்லையே!

எந்த அமைப்பும் இன்று கண்டுகொள்ளாத இணை ஒன்றும் உண்டு. 'ஔவையார்' என்ற பெயரை நம்மில் பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவையார்' என்றே எழுதுகிறோம். இது கொம்பும் காலும் போன்றதன்று; யூனிகோடு விதிப்படியே இவை சமமல்ல. ஆகவே விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் ஒருமனதாக இரண்டு ஔவையார்களை ஏற்றுக்கொள்ளும். வாசகர்கள் தம் கணிப்பொறியில் இரண்டு வகையாகவும் பெயரிட்டு இரண்டு கோப்புகளை உண்டாக்கி, ஒன்றைத் தேடிப் பார்க்கலாம். பள்ளிக் கணிப்பொறியில் இதற்குமுன் சேமித்துவைத்த ஆத்திசூடிக் கோப்பு 'காணவில்லை' என்று யாரேனும் சொல்லியிருந்தால், அதையும் மற்ற எழுத்துக்கூட்டலில் ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.